ஒரு மேசையில் இருக்கிற மெயில் அடுத்த மேசையில் இல்லை: தண்டர்பேர்ட் பதிப்புக் குழப்பத்தை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

கிளிநொச்சியில் ஒரு சின்னக் கந்தோர். ஐந்து கணினிகள், மூலையில் ஒரு சேர்வர், அந்தச் சேர்வருக்கு மட்டும் ஒரு யூ.பி.எஸ். ஒரு திங்கட்கிழமை காலை அங்கே கணக்குப் பார்க்கிற அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, என்ர மெயில் ஒண்டுமே இல்லை. வெள்ளிக்கிழமை ஜன்னல் பக்கத்து மேசையில இருந்து பாத்தனான், எல்லாம் இருந்தது. இண்டைக்கு இஞ்ச இருந்து திறந்தா புதுசா எக்கவுண்ட் போடச் சொல்லிக் கேக்குது. மூண்டு வருசத்துக் கடிதமடா."

"ஒண்டையும் அமத்தாதேங்கோ அக்கா, நான் வாறன்."

"ஒண்டை அமத்திப்போட்டனே. ரெண்டு பட்டன் இருந்தது, முதலாவதை அமத்தினனான்."

அந்த முதலாவது பட்டனில்தான் முழுக் கதையும் இருந்தது. கடிதங்கள் எங்கும் போகவில்லை. அன்று பத்து மணிக்கெல்லாம் அவர் பழைய கடிதங்களைத் திறந்து வாசித்துக்கொண்டிருந்தார். ஆனால் இடையில் யாராவது "சரி, புதுசாகவே போடுவோம்" என்று எல்லாவற்றையும் துடைத்திருந்தால் அந்த மூன்று வருடமும் உண்மையிலேயே போயிருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். வன்னியில் கந்தோர், பள்ளிக்கூடம், சங்கம் என்று நாலைந்து கணினியைப் பகிர்ந்து வேலை செய்கிற எல்லாருக்கும் இது உதவும்.

ஏன் இப்படி வருகிறது

விண்டோஸில் ரோமிங் புரொபைல் என்ற ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் எந்தக் கணினியில் லொக் இன் செய்தாலும் உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் சேர்வரிலிருந்து அந்தக் கணினிக்கு இறங்கும். லொக் ஓஃப் செய்யும்போது மாறியவை திரும்பச் சேர்வருக்கு ஏறும். அக்கா மெயில் வாசிக்கிற தண்டர்பேர்ட் என்ற புரோகிராம் தன் கடிதங்கள், முகவரிப் புத்தகம், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் ஆப்டேட்டா கோப்புறையில் ரோமிங் என்ற பகுதிக்குள் வைக்கிறது. ஆகவே அவையும் உங்களோடு மேசை மேசையாக வரும். ஆனால் தண்டர்பேர்ட் என்ற புரோகிராம் அந்தந்தக் கணினியின் சி டிரைவில் கிடக்கிறது. அது வராது.

கடிதக்கட்டு ஆளோடு நடக்கிறது, அதைத் திறக்கிற புரோகிராம் மேசையிலேயே நிற்கிறது. ஜன்னல் பக்கத்து மேசையில் 128ஆம் பதிப்பு, இந்த மேசையில் 115ஆம் பதிப்பு என்றால், வெள்ளிக்கிழமை 128 திறந்து தன் முறைப்படி மாற்றி எழுதிய கட்டு, திங்கட்கிழமை 115இன் கைக்கு வருகிறது. பழைய பதிப்பு அதைத் தொடப் பயப்படுகிறது. பயப்படுவது சரிதான்.

எங்கள் பக்கத்தில் ஒரே கந்தோருக்குள் பதிப்புகள் இப்படி வேறுபடுவதற்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. மீள்குடியேற்றக் காலத்தில் அன்பளிப்பாக வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 7 இருந்தது. சில இன்னும் ஓடுகின்றன. தண்டர்பேர்ட் 115தான் விண்டோஸ் 7இலும் 8இலும் ஓடுகிற கடைசிப் பதிப்பு. அதற்கு மேல் எவ்வளவு அப்டேட் அமத்தினாலும் ஏறாது. பிறகு வாங்கிய விண்டோஸ் 10 கணினி தானாக 128க்கும் 140க்கும் போய்விடும். டேட்டா முடிந்துவிடும் என்று ஒரு மேசையில் அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பார்கள், அடுத்த மேசையில் அது ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு மேல், 2025 மார்ச்சில் 136ஆம் பதிப்போடு மாதாமாதம் புதிது வருகிற வரிசையே தண்டர்பேர்ட்டின் பொதுப் பதிவிறக்கமாகிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை பெரிய மாற்றம் வருகிற ஈ.எஸ்.ஆர். வரிசையும் பக்கத்தில் இருக்கிறது. ஒருவர் அதை இறக்க, மற்றவர் இதை இறக்க, ஒரே நாளில் ஒரே அறைக்குள் இரண்டு பதிப்பு.

எதையும் தொட முதல்

தண்டர்பேர்ட்டை மூடுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அமத்தி, வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு ஆங்கிலத்தில் அடியுங்கள். ரோமிங் கோப்புறை திறக்கும். உள்ளே தண்டர்பேர்ட் என்ற கோப்புறை இருக்கும். அதை முழுதாக ஒரு பென் டிரைவுக்குப் பிரதி எடுங்கள், திகதியையும் மேசையின் பெயரையும் போட்டு. பிரதி எடுக்கும்வரை வேறு எந்த வேலையும் வேண்டாம். பெரிய கட்டு என்றால் இருபது நிமிடம் போகும், போகட்டும்.

பிறகு ஒரு தாளில் ஒவ்வொரு கணினிக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: விண்டோஸ் எது, தண்டர்பேர்ட் பதிப்பு எது (ஹெல்ப் மெனுவில் அபௌட் தண்டர்பேர்ட்), அது 32 பிட்டா 64 பிட்டா. தண்டர்பேர்ட் திறக்கவே மறுக்கிற கணினியில், புரோகிராம் கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து புரொப்பர்ட்டீஸில் டீற்றெயில்ஸ் பகுதியைப் பாருங்கள், பதிப்பு எண் அங்கே இருக்கும். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கினால் இடையில் கட்டாயம் குழம்பும்.

அறிகுறி: "பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள்" என்று ஒரு பெட்டி வருகிறது

இதுதான் அக்கா கண்ட பெட்டி. ஆங்கிலத்தில் நாலு வரி, கீழே இரண்டு பட்டன். ஒன்று புதிய புரொபைல் (தண்டர்பேர்ட் ஒருவரின் கடிதங்களையும் அமைப்புகளையும் வைக்கிற கோப்புறை) உருவாக்கச் சொல்கிறது, மற்றது வெளியேறச் சொல்கிறது. வெளியேறுகிற பட்டனை அமத்துங்கள். அவ்வளவுதான். புதிய பதிப்பு இருக்கிற மேசைக்குப் போய் லொக் இன் செய்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

இந்தப் பெட்டி எப்படி வருகிறது என்றால், தண்டர்பேர்ட் தன் புரொபைலுக்குள் கொம்பாட்டிபிலிட்டி என்ற சின்னக் கோப்பில் தன்னைக் கடைசியாகத் திறந்த பதிப்பு எண்ணை எழுதி வைக்கிறது. திறக்கிற பதிப்பு அதைவிடப் பழையது என்றால் நிறுத்திவிடுகிறது. அந்தக் கோப்பை அழித்தால் பெட்டி வராது என்று சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். பதிப்பு இறக்கத்தை அனுமதிக்கச் சொல்லி ஷோர்ட்கட்டில் ஒரு கட்டளை சேர்க்கவும் முடியும். இரண்டும் உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் பெட்டி எச்சரித்த ஆபத்து அங்கேயேதான் இருக்கும். புதிய பதிப்பு மாற்றிய தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு தன் பழைய முறையில் எழுதத் தொடங்கும். முகவரிகள் காணாமற் போவதும் நாட்காட்டி திறக்காமல் விடுவதும் அப்போதுதான். பிரதியின் மேல் வேண்டுமானால் செய்து பாருங்கள். அசலின் மேல் ஒருபோதும் வேண்டாம்.

அறிகுறி: புதிய புரொபைல் பட்டனை அமத்தியாயிற்று, இப்போது எல்லா மேசையிலும் வெறுமை

இதை ஆறுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆட்கள் பதறுவது இந்த இடத்தில்தான். பட்டனை அமத்தியது ஒரு மேசையில். ஆனால் ஜன்னல் பக்கத்து மேசைக்குத் திரும்பிப் போனாலும் அங்கேயும் எக்கவுண்ட் போடச் சொல்லிக் கேட்கிறது. "அங்கயும் போயிட்டுது, எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று அக்கா நம்பிவிட்டார்.

நடந்தது இதுதான். எந்தப் புரொபைலைத் திறக்கவேண்டும் என்பதைத் தண்டர்பேர்ட் புரொபைல்ஸ் என்ற ஒரு அமைப்புக் கோப்பில் குறித்து வைக்கிறது. தண்டர்பேர்ட் எந்தக் கோப்புறையில் நிறுவப்பட்டிருக்கிறதோ அந்தப் பாதையிலிருந்து ஒரு அடையாள எண் செய்து, "இந்த எண்ணுக்கு இந்தப் புரொபைல்" என்று எழுதும். எல்லாக் கணினியிலும் ஒரே பாதையில் நிறுவியிருந்தால் எண்ணும் ஒன்றுதான். அந்த அமைப்புக் கோப்பும் ரோமிங் பகுதிக்குள்தான் இருக்கிறது. ஆகவே ஒரு மேசையில் மாறிய குறிப்பு அடுத்த மேசைக்கும் வந்துவிடுகிறது. பழைய புரொபைல் கோப்புறை அதே இடத்தில், ஒரு கடிதமும் குறையாமல், பேசாமல் கிடக்கிறது.

தீர்ப்பது எப்படி? பதிப்பு எண் மிகக் கூடிய மேசைக்குப் போங்கள். அதில் லொக் இன் செய்து, தண்டர்பேர்ட்டைத் திறந்து, எக்கவுண்ட் கேட்கிற பக்கத்தை மூடிவிட்டு, ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்பதை எடுங்கள். அந்தப் பக்கத்தில் புரொபைல்கள் பற்றிய இணைப்பு ஒன்று இருக்கும். அமத்தினால் இருக்கிற புரொபைல்கள் எல்லாம் வரிசையாக வரும், ஒவ்வொன்றின் கோப்புறையும் பக்கத்தில். அக்காவின் கணக்கில் இரண்டு இருந்தன. ஒன்றின் கோப்புறையைத் திறந்தால் சில எம்.பி., மற்றது இரண்டு ஜீ.பி.யைத் தாண்டி நின்றது. கனமானதுதான் உங்களுடையது. அதன் கீழே அதையே வழமையான புரொபைலாக்குகிற பட்டன் இருக்கும். அமத்தி, தண்டர்பேர்ட்டை மூடித் திறந்து பாருங்கள். வந்துவிடும். உடனே லொக் ஓஃப் செய்யுங்கள், அப்போதுதான் சரியான குறிப்பு சேர்வருக்கு ஏறும். பழைய பதிப்பு இருக்கிற மேசையில் இதன் பிறகு தண்டர்பேர்ட்டைத் திறக்கவேண்டாம் என்று ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்.

வெறுமையான புரொபைலை அன்றே அழிக்க அவசரப்படாதீர்கள். இடையில் அதற்குள் யாராவது எக்கவுண்ட் போட்டு இரண்டு கடிதம் வாங்கியிருக்கலாம். ஒரு கிழமை விட்டு அழிக்கலாம்.

அறிகுறி: பெட்டி எதுவும் வரவில்லை, ஆனாலும் ஒரே ஒரு மேசையில் மட்டும் வெறுமை

இங்கே முதலில் அந்தத் தாளைப் பாருங்கள். அந்த மேசையில் 32 பிட் தண்டர்பேர்ட்டும் மற்றவற்றில் 64 பிட்டும் இருந்தால் விடை அதுதான். 32 பிட் புரோகிராம் வேறு புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் போய் உட்காரும். பாதை மாறினால் மேலே சொன்ன அடையாள எண்ணும் மாறும். புதிய எண்ணுக்குப் புதிய புரொபைல், அதற்குள் ஒன்றும் இல்லை. 32 பிட்டை எடுத்துவிட்டு 64 பிட்டை, மற்ற மேசைகளில் இருக்கிற அதே பதிப்பை, அதே வழமையான பாதையில் நிறுவுங்கள்.

மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் இருந்து இறக்கிய தண்டர்பேர்ட்டும் இதே தோற்றத்தைத் தரும். அது தன் புரொபைலை ஆப்டேட்டாவின் லோக்கல் பகுதியில் தனியாக ஒரு பெட்டிக்குள் வைக்கிறது. லோக்கல் பகுதி ரோமிங்கில் வராது.

மூன்றாவது சாத்தியம் விண்டோஸ் பதிப்பு. சேர்வரில் உங்கள் புரொபைல் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் வி2, வி6 என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வி2 விண்டோஸ் 7க்கு உரியது. வி6 விண்டோஸ் 10இன் 1607ஆம் பதிப்பு முதல் வருவது. இரண்டும் தனித்தனிக் கோப்புறைகள், ஒன்றில் எழுதுவது மற்றதில் தெரியாது. அதனால் விண்டோஸ் 7 மேசைக்குப் போனால் மூன்று வருடத்துக்கு முந்திய நீங்களே அங்கே காத்திருப்பீர்கள். இது பிழை இல்லை, பாதுகாப்பு.

ஆனால் கவனம். ஆப்டேட்டா ரோமிங் கோப்புறையைச் சேர்வரின் பகிர்ந்த இடத்துக்கே திருப்பிவிடுகிற ஏற்பாடும் உண்டு, ஃபோல்டர் ரீடைரக்ஷன் என்பார்கள். அது போட்டிருந்தால் விண்டோஸ் 7உம் 10உம் ஒரே கோப்புறையைத்தான் பார்க்கும். வி2, வி6 என்ற பிரிப்பு உங்களைக் காப்பாற்றாது. 115உம் 128உம் நேருக்கு நேர் முட்டிக்கொள்வது இங்கேதான். அந்தக் கிளிநொச்சிக் கந்தோரிலும் இதுதான் போட்டிருந்தது.

அறிகுறி: "தண்டர்பேர்ட் ஏற்கனவே ஓடுகிறது, பதில் தரவில்லை"

கரண்ட் போய் வந்த பிறகு வருகிற பிழை. புரொபைலுக்குள் பேரன்ட் லொக் என்ற கோப்பை ஒரு கணினி திறந்து பிடித்திருக்கும்போது இன்னொன்று திறக்க முடியாது. கோப்புறை சேர்வரில் இருந்தால், மேசைக் கணினி கரண்ட் இல்லாமல் அணைந்துவிட்டது என்பது யூ.பி.எஸ்ஸில் ஓடுகிற சேர்வருக்கு உடனே தெரியாது. பழைய பிடியை வைத்துக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம் பொறுத்தாலே பெரும்பாலும் விட்டுவிடும். அவசரம் என்றால் சேர்வரில் கொம்பியூட்டர் மனேஜ்மென்ட் திறந்து, பகிர்ந்த கோப்புறைகளின் கீழ் திறந்திருக்கும் கோப்புகளைப் பார்த்து, அந்த ஒரு கோப்பின் பிடியை மட்டும் மூடுங்கள். முதலில், அதே ஆள் வேறு மேசையில் உண்மையிலேயே திறந்து வைத்திருக்கிறாரா என்று எழும்பிப் போய்ப் பாருங்கள். பல தடவை அதுதான்.

ரீடைரக்ஷன் இல்லாத வெறும் ரோமிங்கில் இந்தப் பூட்டு வேலை செய்யாது என்பதையும் விளங்கிக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிப் பிரதி. இரண்டு மேசையில் ஒரே நேரத்தில் லொக் இன் செய்து இரண்டிலும் தண்டர்பேர்ட் திறக்கலாம், ஒன்றும் தடுக்காது. பிறகு லொக் ஓஃப் செய்யும்போது புதிய நேரம் குறித்த கோப்பு பழையதன் மேல் எழுதப்படும். அதிலிருந்துதான் அடுத்த அறிகுறி பிறக்கிறது.

அறிகுறி: ஒரு கடிதத்தை அமத்தினால் வேறு கடிதம் திறக்கிறது

பார்ப்பவருக்குப் பயமாகத்தான் இருக்கும். "மாவட்டச் செயலகக் கூட்டம்" என்ற தலைப்பை அமத்தினால் உரக் கொள்வனவு விலைப்பட்டியலின் நடுப்பகுதி தெரியும். கடிதங்கள் ஒரு பெரிய கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. எது எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை எம்.எஸ்.எஃப். என்று முடிகிற பக்கத்துக் கோப்பில் இருக்கிறது. கடிதக் கோப்பு ஒரு மேசையிலிருந்தும் அட்டவணை மற்ற மேசையிலிருந்தும் ஏறிவிட்டால் இரண்டும் பொருந்தாது. கோப்புறையின் மேல் வலது சொடுக்கு, புரொப்பர்ட்டீஸ், ரிப்பேர் ஃபோல்டர். அட்டவணையைத் தண்டர்பேர்ட் திரும்ப எழுதிக்கொள்ளும். அது முடியும்வரை அந்தக் கோப்புறையில் எதையும் அழிக்கவோ கொம்பாக்ட் (அழித்த கடிதங்களின் இடத்தை வெட்டிக் கோப்பைச் சுருக்குவது) செய்யவோ கூடாது. பிழையான அட்டவணையை நம்பிக் கொம்பாக்ட் செய்தால் நல்ல கடிதம் வெட்டுப்பட்டுப் போகும்.

தேடினால் கிடைக்கவில்லை, ஆனால் கண்ணால் பார்த்தால் கடிதம் இருக்கிறது என்றால் அது இன்னும் சுலபம். தண்டர்பேர்ட்டை மூடி, புரொபைலுக்குள் குளோபல் மெசேஜஸ் என்று தொடங்குகிற தரவுத்தளக் கோப்பை அழித்துவிட்டுத் திறந்தால் தேடல் அட்டவணை புதிதாக உருவாகும். கடிதங்களுக்கு ஒன்றும் ஆகாது.

கடவுச்சொல்லை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால், கடவுச்சொற்கள் இருக்கிற கோப்பும் அதன் சாவிக் கோப்பும் வேறு வேறு மேசையிலிருந்து வந்திருக்கக்கூடும். இரண்டும் சோடியாகத்தான் வேலை செய்யும். பென் டிரைவில் எடுத்த பழைய பிரதியிலிருந்து இரண்டையும் சேர்த்தே திரும்ப வையுங்கள்.

அறிகுறி: "தற்காலிகப் புரொபைலில் லொக் இன் செய்திருக்கிறீர்கள்"

நிறுத்துங்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பாலும் கடிதம் எங்கோ பத்திரமாக இருந்தது. இதில் முழுதாகவே இழக்கலாம்.

விண்டோஸ் உங்கள் புரொபைலைத் திறக்க முடியாமல் ஒரு வெற்று இடத்தைத் தற்காலிகமாகத் தந்திருக்கிறது. லொக் ஓஃப் செய்ததும் அதை முழுதாக அழித்துவிடும். இந்த நிலையில் ஒருவர் "மெயில் இல்லையே" என்று புதிதாக எக்கவுண்ட் போட்டு, பொப் முறையில் (கடிதங்களைக் கணினிக்கு இறக்கி வைக்கிற முறை), மெயில் சேர்வரில் பிரதி வைக்காத அமைப்போடு இறக்கினால், கடிதங்கள் மெயில் சேர்வரிலிருந்து இறங்கி, பின்னேரம் லொக் ஓஃப் செய்யும்போது இங்கிருந்தும் போய்விடும். எடுக்க வேறு இடமே இல்லை.

எதையும் செய்யாமல் லொக் ஓஃப் செய்யுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்து திரும்பப் பாருங்கள். நெட்வேர்க் வயர் சேர்வரோடு தொடர்பில் இருக்கிறதா, சுவிட்சில் லைட் எரிகிறதா என்று பாருங்கள். செம்மண் புழுதி நிறைந்த சுவிட்ச் போர்ட் ஒன்றைத் துடைத்து வயரைத் திரும்பக் குத்தியதோடு தீர்ந்த நாளும் உண்டு. தீராவிட்டால், விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளில் யூசர் புரொபைல் சேவையின் வரிகளைத் தேடுங்கள். 1511 என்றால் இந்தத் தற்காலிகப் புரொபைல் விவகாரம். 1504 என்றால் லொக் ஓஃப் நேரம் சேர்வருக்கு முழுதாக ஏறவில்லை. 1504 இருந்த நாளையும் மேசையையும் குறியுங்கள், ஏனென்றால் புதிய பிரதி இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறது. சேர்வரில் இருப்பது அரைகுறை. அந்த மேசையில் இருந்து தண்டர்பேர்ட் கோப்புறையைப் பிரதி எடுக்க முதல் யாரும் அந்த உள்ளூர்ப் பிரதியை அழிக்கக்கூடாது.

அறிகுறி: லொக் ஓஃப் செய்ய அரை மணி நேரம்

கடிதக்கட்டு கனத்துவிட்டது. 100 எம்.பி.பி.எஸ். நெட்வேர்க்கில் மூன்று ஜீ.பி. நகர, வேறு எவரும் பாவிக்காத நேரத்திலேயே நாலு நிமிடம் வேண்டும். ஐந்து பேர் பின்னேரம் நாலரைக்கு ஒன்றாக லொக் ஓஃப் செய்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாராவது பவர் பட்டனை அமத்திப் பிடித்தால், மேலே சொன்ன அரைகுறைப் பிரதி அங்கே பிறக்கிறது. ஐமேப் முறையில் (கடிதங்கள் மெயில் சேர்வரிலேயே இருக்கிற முறை) இருப்பவர்கள் எக்கவுண்ட் அமைப்பில் சிங்க்ரொனைசேஷன் பகுதிக்குப் போய், கடிதங்களை இந்தக் கணினியில் வைத்திருக்கச் சொல்கிற குறியை எடுத்துவிட்டால் கட்டு இதற்கு மேல் அவ்வளவாகக் கனக்காது.

ஒரு கணினியில் மட்டும் நேரம் பல வருடம் பின்னால் நிற்கிறதா என்றும் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டில் இருக்கிற நாணயம் போன்ற 2032 பற்றரி செத்திருக்கும். கரண்ட் போனால் கடிகாரம் பின்னுக்குப் போகும். அந்த மேசையில் எழுதிய கோப்புகள் எல்லாம் "பழையவை" என்று கணக்கிடப்பட்டுச் சேர்வருக்கு ஏறாமல் நிற்கும், மெயில் சேர்வரின் சான்றிதழும் பிழை என்று வரும். பற்றரியை மாற்றுங்கள்.

அறிகுறி போல் தெரிவது: தமிழ் எழுத்து ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது

இது பதிப்புக் குழப்பம் இல்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கடிதம், பாமினி நிறுவாத மேசையில் இப்படித்தான் தெரியும். எழுத்துருக்கள் ரோமிங்கில் வருவதில்லை. ஒருவருக்கு மட்டும் என்று நிறுவினாலும் அவை லோக்கல் பகுதிக்குள்தான் போகின்றன. எல்லா மேசையிலும் எழுத்துருவை நிறுவுங்கள், புதிய கடிதங்களை யுனிகோடில் எழுதுங்கள்.

அவுட்லுக் பாவிக்கிறவர்களுக்கு

அவுட்லுக் 2013 தன் கணக்கு விவரங்களை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் இருக்கிற தரவுத்தளம்) 15.0 என்ற இடத்திலும், 2016உம் அதற்குப் பிந்தியவையும் 16.0 என்ற இடத்திலும் வைக்கின்றன. ஒரு மேசையில் 2013, மற்றதில் 2019 என்றால் இரண்டிலும் தனித்தனியாக எக்கவுண்ட் போடவேண்டி வரும். ஓ.எஸ்.டி. கோப்பு (மெயில் சேர்வரில் உள்ள கடிதங்களின் பிரதி) லோக்கலில் இருப்பதால் ஒவ்வொரு மேசையிலும் திரும்ப இறங்கும், அதில் ஆபத்தில்லை. கடிதங்களையே வைத்திருக்கிற பி.எஸ்.டி. கோப்பைச் சேர்வரில் பகிர்ந்த கோப்புறையில் வைத்து நெட்வேர்க் வழியாகத் திறக்காதீர்கள். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல, கெட்டுப்போகும்.

இனிமேல் வராமல் இருக்க

இரண்டு வழி. முதலாவது, எல்லா மேசையிலும் ஒரே பதிப்பு. நிறுவும் கோப்பை ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் வைத்து, ஆட்கள் இல்லாத ஒரு சனிக்கிழமை எல்லாக் கணினியிலும் அதையே நிறுவுங்கள். டேட்டாவும் மிச்சம். தண்டர்பேர்ட் தானாக அப்டேட் ஆவதைக் குழுக் கொள்கை (குரூப் பொலிசி, சேர்வரிலிருந்தே எல்லாக் கணினிக்கும் அமைப்புகளை விதிக்கிற ஏற்பாடு) மூலம் நிறுத்தலாம். நிறுத்தினால் மாதம் ஒருமுறை நீங்களே எல்லா மேசைக்கும் சேர்த்து அப்டேட் செய்யவேண்டும், பாதுகாப்புத் திருத்தங்கள் அதோடுதான் வருகின்றன. விண்டோஸ் 7 மேசைகளில் தண்டர்பேர்ட்டை எடுத்துவிடுங்கள். அவற்றுக்காக எல்லாரையும் 115இலேயே நிறுத்தி வைப்பது சரியில்லை.

இரண்டாவது வழியைத்தான் நான் விரும்புகிறேன். எல்லாரையும் ஐமேப்புக்கு மாற்றி, கடிதங்களை மெயில் சேர்வரிலேயே இருக்க விட்டு, தண்டர்பேர்ட் கோப்புறையை ரோமிங்கிலிருந்தே விலக்கிவிடுவது. பொப்பில் இருந்தவர்களின் பழைய கடிதங்களை முதலில் ஐமேப் கோப்புறைக்குள் இழுத்து ஏற்றவேண்டும். இதற்கு நாள் எடுக்கும், இரவில் விடலாம். பிறகு குழுக் கொள்கையில் பயனர் பகுதியில், சிஸ்டம், யூசர் புரொபைல்ஸ் என்பதன் கீழ், ரோமிங்கில் சேர்க்காத கோப்புறைகள் என்ற அமைப்பில் ஆப்டேட்டா ரோமிங்கின் கீழ் உள்ள தண்டர்பேர்ட் பாதையை எழுதுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒருமுறை எக்கவுண்ட் போட்டால் போதும், பதிப்பு எதுவானாலும் ஒன்றை ஒன்று தொடாது. ஃபோல்டர் ரீடைரக்ஷன் இருந்தால் ஆப்டேட்டாவை அதிலிருந்தும் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் இந்த விலக்கு பயன்படாது.

இன்னொரு கொள்கையையும் அதே நாளில் பாருங்கள். லொக் ஓஃப் ஆனதும் கணினியில் உள்ள ரோமிங் பிரதியை அழிக்கச் சொல்கிற அமைப்பு போட்டிருந்தால், விலக்கிய தண்டர்பேர்ட் கோப்புறையும் அதோடு அழியும். ஒவ்வொரு காலையும் எக்கவுண்ட் கேட்கும். அதை நிறுத்திவிட்டு, ஒரே ஆளை இரண்டு மேசையில் மாறி மாறி லொக் இன் செய்ய வைத்து, தனக்கே ஒரு கடிதம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அக்கா ஜன்னல் மேசையில் இருந்து அனுப்பிவிட்டு, எழும்பி வந்து இந்த மேசையில் திறந்து பார்த்தார். கடிதம் அவருக்கு முதலே வந்து நின்றது.